பதின்மூன்றாம் எண் கம்பி

கிட்டாருக்குக் கம்பி வாங்கப் போகிறவர் கடையில் முதலில் சொல்ல வேண்டியது ஓர் எண். பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று என்று போகும். ஆறு கம்பிகளில் மிக மெல்லியதன் பருமனைச் சொல்வது அந்த எண். எண் சிறியது என்றால் கம்பி மெல்லிசு. விரலுக்கு இதமாக இருக்கும், நாதம் சற்று இளைத்து ஒலிக்கும். எண் ஏற ஏறக் கம்பி தடிக்கும், முறுக்கு கூடும், நாதம் நிறையும், அழுத்துகிற விரல் நோகும். என் மனைவி கேட்டது பத்து. நான் மாட்டிக்கொண்டு வந்தது பதின்மூன்று. பத்து கடையில் இல்லை என்று அவளிடம் சொன்னேன். இருந்தது. கல்லாவுக்குப் பின்னால் சுவரில் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

தம்பானூரில் லாட்ஜுகளுக்குப் பின்னால் போகிற சந்தில் அந்தக் கடை. கம்பி மாட்டி, சுருதி சேர்த்து முடித்ததும் கடைக்காரர் காலி உறையை என்னிடம் நீட்டினார். அதில் எண் பெரிதாக அச்சிட்டிருந்தது. வேண்டாம், குப்பையில் போட்டுவிடுங்கள் என்றேன். அவள் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்கிற முன்யோசனை எனக்கு இருந்திருக்கிறது. பிறகு கிட்டாரை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு ஆட்டோவில் வலியசாலையில் உள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பினேன். பெரிய நன்மை ஒன்றைச் செய்துவிட்ட நிறைவோடுதான் திரும்பினேன். இதை எழுதும்போது என்னை அதிகம் வருத்துவது அந்த நிறைவுதான்.

அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தாள். நான் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தேன். ஓய்வு பெற்ற கையோடு அவள் ஒரு கிட்டார் வாங்கி வந்தபோது எங்கள் தெருவே சிரித்தது. எங்கள் அக்ரகாரத்தில் வீட்டுக்கு வீடு வீணையும் வயலினும் உண்டு. கிட்டாரை டிவியிலும் கோயில் திருவிழாக் கானமேளாக் கச்சேரியிலும் மட்டுமே பார்த்தவர்கள் நாங்கள். எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்றபடி, "மாஷே, ஆத்துக்காரி கானமேளா ட்ரூப்பிலே சேர்ந்தாச்சா?" என்று என்னைக் கேட்டார். நான் அசடு வழிந்துகொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து அவள் பதில் வந்துவிட்டது. "சேர்ந்தாச்சே! உங்களுக்கு மட்டும் டிக்கெட் டபுள் ரேட்டாக்கும்." அவள் அப்படித்தான். யாருக்கும் கடன் வைக்க மாட்டாள்.

ஏன் கிட்டார் என்று நான் கேட்டதற்கு, "வீணையைத் தொட்டா உங்க அம்மா ஞாபகம் வரும். இதுக்கு அந்தத் தொந்தரவு இல்லை" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அதில் ஒரு பழைய கணக்கு இருந்தது.

எங்களுடையது வீணைக் குடும்பம். அம்மா நன்றாக வாசிப்பாள். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு: பெண் பார்க்கப் போனால், பெண்ணுக்கு வீணை தெரியும் என்று அவர்கள் சொன்னால், அம்மா அதை வாசிக்கச் சொல்லிக் கேட்க மாட்டாள். பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்து, வளையல் பார்ப்பது போல இடது கையைப் பிடித்து, ஆள்காட்டி விரலின் நுனியையும் நடுவிரலின் நுனியையும் தன் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பாள். தினமும் சாதகம் செய்கிறவர்களுக்குத் தந்தி அழுந்தி அழுந்தி அங்கே ஒரு கோடு விழுந்திருக்கும், தோல் காய்த்திருக்கும். கோடு இருந்தால் சங்கீதம் உண்மை. இல்லாவிட்டால் ஜாதகத்தில் எழுதியது மட்டும்தான். என் மனைவியின் விரலைத் தடவிவிட்டு வந்து, "விரல் வழவழன்னு இருக்கு. போகட்டும், பொண்ணு நல்ல பொண்ணு" என்று அம்மா சொன்னதை எங்கள் வீட்டில் ஒரு வேடிக்கையாக வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தோம். அவள் முன்னாலேயே சொல்வோம். அவளும் கூடச் சிரிப்பாள்.

அந்த வேடிக்கை அவளுக்கு எங்கே வலித்தது என்பது கொலு வரும்போது தெரியும், தெரிந்துகொள்ள விரும்பியிருந்தால். எங்கள் தெருவில் கொலுப் பார்க்க வருகிறவர்கள் ஒரு பாட்டாவது பாடிவிட்டுத்தான் குங்குமமும் சுண்டலும் வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் பாட்டு அந்த வீட்டுப் பெண்களுடையது. எங்கள் வீட்டில் அது அம்மாவுடையதாக இருந்தது, பிறகு என் தங்கையுடையதாக, தங்கை வெளியூர் போனபின் யாரோ பக்கத்து வீட்டுக்காரருடையதாக. இவளுக்குக் குரலும் இல்லை, கோடும் இல்லை. பாட்டு நடக்கிற நேரமெல்லாம் அவள் சமையலறையில் சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருப்பாள். கிட்டார் வாங்கிய வருஷம் என்னிடம் சொன்னாள்: "இந்தக் கொலுவுக்கு நம்மாத்து மொதப் பாட்டு நானாக்கும். நம்மாத்துப் பாட்டு நம்மாத்து மனுஷாளோடதா இருக்கணுமோன்னோ?"

தைக்காட்டில் ஒரு மலையாளப் பெண்ணிடம் கற்றுக்கொண்டாள். சின்னதாக ஒரு அம்மன் பாட்டு. காலையில் சாதம் வடித்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து வாசிப்பாள். தட்டுத் தடுமாறினாலும் பாட்டு இன்னதென்று தெரிகிற அளவுக்கு வந்துவிட்டது. அந்த ஆசிரியைக்குக் கல்யாணமாகி ஷார்ஜா போகும்போது, எங்கள் ஊர் உப்புக் காற்றில் பழைய கம்பிகள் மங்கிவிட்டன என்று சொல்லி, இனி பத்தாம் எண் மாட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனாள். கம்பி மாற்றப் போக நினைத்த அன்று என் மனைவிக்குக் கால்வலி. நான் தம்பானூர்ப் பக்கம் போகிறேன் என்றதும் கிட்டாரை உறையில் போட்டுக் கொடுத்தாள்.

"ஏன்னா, பத்துன்னு சொல்லுங்கோ. மறந்துடாதீங்கோ. விரல் பத்துன்னு ஞாபகம் வெச்சுக்கோங்கோ."

"எனக்கு நம்பர் மறக்குமா?" என்றேன்.

மறக்கவில்லை. கடையில் பத்து என்றுதான் கேட்டேன். கடைக்காரர் எடுத்துக் காட்டினார். பொட்டலத்தின் வழியாகத் தொட்டுப் பார்த்தேன்; தலைமுடி போல இருந்தது. இதில் என்ன கோடு விழும் என்று தோன்றியது. இதற்கு மேல் என்னென்ன உண்டு என்று கேட்டேன். பதின்மூன்று வரை உண்டு, ஆனால் அது நன்றாகக் கை பழகியவர்களுக்கு என்றார். ஆத்துக்காரிக்கா, மகளுக்கா என்றும் கேட்டார். பதின்மூன்றே மாட்டுங்கள் என்றேன். கம்பியின் பருமனும் முறுக்கும் நாதத்தை என்ன செய்யும் என்று ஆயுள் முழுக்கக் கரும்பலகையில் எழுதிப்போட்டவன் நான். தடித்த கம்பி கூடம் நிறைய ஒலிக்கும், கொலுவுக்கு வந்தவர்கள் அசந்துபோவார்கள், விரலும் காய்க்கும், அம்மா இருந்திருந்தால் தடவிப் பார்த்திருப்பாள். இப்படியெல்லாம் நினைத்தேன். அவளுக்காகத்தான் நினைத்தேன் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். மெல்லிய கம்பியில் வாசிப்பதை நான் வாசிப்பாகவே மதிக்கவில்லை என்பதுதான் உண்மை. அவள் வாசிப்பையும்.

வீட்டுக்கு வந்ததும் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது பத்தா? கம்பி வேலி மாதிரி இருக்கே" என்றாள்.

"பத்து இப்போ வர்றதே இல்லையாம். எல்லாரும் இதான் மாட்டறாளாம்."

"போன்ல ஆர்டர் பண்ணிப் பார்க்கட்டுமா?"

"மாட்டினதை உடனே கழட்டினா கிட்டாரோட கழுத்துக்குக் கேடு" என்று அறிவியலையும் துணைக்கு அழைத்துக்கொண்டேன். இயற்பியல் வாத்தியார் சொன்னால் கணக்கு டீச்சர் நம்பாமல் என்ன செய்வாள்? "எல்லாருக்கும் இதுதானா? அப்போ சரி" என்றாள்.

கொலு வந்தது. பட்டுப் புடவை உடுத்திக்கொண்டு, கூடம் நிறைந்த பெண்களுக்கு நடுவே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். முதல் அடி ஒழுங்காக வந்தது. உண்மையிலேயே கூடம் நிறைந்தது. நான் பெருமையோடு சுற்றிலும் பார்த்தேன். இரண்டாவது அடியில் ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்து எல்லாக் கம்பிகளையும் ஒருசேர அழுத்த வேண்டிய ஓர் இடம் உண்டு. விரல் அழுந்தவில்லை. நாதம் வரவேண்டிய இடத்தில் மரக்கட்டையைத் தட்டினாற்போல ஒரு சத்தம் வந்தது. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். மறுபடியும் அதே இடம். மூன்றாம் முறை முகம் சிவந்து, உதட்டைக் கடித்து அழுத்தினாள். பிறகு கிட்டாரை மெல்லச் சுவரில் சாய்த்துவிட்டு எழுந்தாள். "கை ஸ்ட்ரைக் பண்றது. இன்னும் கேட்டுண்டிருந்தா சுண்டல் ஆறிடும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். "சாரமில்லை மாமி, பரவாயில்லை, அடுத்த கொலுவுக்குப் பார்த்துக்கலாம்" என்று யாரோ சொன்னார்கள். நானும் சிரித்தேன். அவள் உள்ளே போய்ச் சுண்டல் கொண்டுவந்தாள்.

எல்லோரும் போனபின் பாத்திரங்களை ஒழித்துப்போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "என் கைதான் போறாது, இல்லையா?"

அது ஒரு சந்தர்ப்பம். கை இல்லை, கம்பி என்று நான் சொல்லியிருக்கலாம். கடையில் பத்து இருந்தது, நான்தான் வாங்கவில்லை என்று அந்த நிமிஷம் சொல்லியிருந்தால் கோபித்திருப்பாள், ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பாள், மறுவாரம் தானே போய் மாற்றிக்கொண்டு வந்திருப்பாள். நான் சொன்னது: "வயசாயிடுத்தோல்லியோ." செய்த தவறுகளில் கம்பியை மாற்றியது சிறியது. இந்த ஒற்றைச் சொல் பெரியது.

அதன்பின் சில மாதம் என் காதுபடத் தடவித் தடவி வாசித்துப் பார்த்தாள். நடுவில் நிறுத்தி விரலை உதறிக்கொள்வாள். வாயில் வைத்து ஊதிக்கொள்வாள். பார்க்கிறவர்களிடமெல்லாம் என் கை போறாது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். திடீரென ஒருநாள் அதைச் சொல்வதை நிறுத்தினாள். கிட்டாரை உறையில் போட்டுப் பீரோவின் மேல் வைத்துவிட்டாள். ஆசை தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஒளிக்காமல் சொல்வதானால், எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. பீரோவின் மேல் எப்போதும் தூசி படிந்திருக்கும்; கிட்டார் உறையின் மேல் இருந்ததில்லை. அதைக் கண்டும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

சில வருஷங்கள் போயின. அவளுக்கு இதயம் பழுதானது. ஆஸ்பத்திரியில் சர்க்கரை பார்க்க வந்த நர்ஸ், வலது கையில் ஊசி ஏற்றியிருந்ததால், இடது கை விரல் நுனியில் குத்தினாள். ரத்தம் வரவில்லை. அடுத்த விரலில் குத்தினாள். அதிலும் வரவில்லை. விரல்களைத் தடவிப் பார்த்துவிட்டு, அம்மாவுக்குத் தையல் வேலையா, தோல் இப்படிக் காய்த்திருக்கிறதே என்று மலையாளத்தில் என்னைக் கேட்டாள். டீச்சராக இருந்தவள், சாக்பீஸ் பிடித்த கை என்றேன். இடது கையாலா எழுதுவார்கள் என்று நர்ஸ் சிரித்தாள். என் மனைவி கண்ணை மூடித்தான் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். அவள் அந்தக் கையை மெல்ல இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள். வீணைக் குடும்பத்தில் பிறந்து, கோடு என்றால் என்னவென்று தெரிந்த நான், பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். அந்த வாரமே அவள் போய்விட்டாள்.

இந்த மழைக்காலத்தில் வீட்டை ஒழுங்கு செய்யும்போது கிட்டாரை இறக்கினேன். கம்பிகள் துருவேறிப் பழுப்பாக இருந்தன. அவள் கேட்டதை இப்போதாவது மாட்டலாம் என்று தோன்றியது. அதே சந்துக்குப் போனேன். கடைக்காரருக்கு முடி நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை, கிட்டாரைத் தெரிந்தது. பத்தாம் எண் மாட்டச் சொன்னேன். குறடால் பழைய கம்பிகளை ஒவ்வொன்றாக வெட்டிக் கூடையில் போட்டுக்கொண்டே பேசினார்.

"பதின்மூணல்லே கிடந்தது? அந்த மாமியோட கிட்டாரில்லே இது, சாரே? பாங்கிலேருந்து வர்ற வழிக்கு ஒரு நாள் கடையிலே கேறி வந்தாங்க. வீட்டுக்காரர் இங்கே கொண்டுவந்து கம்பி மாட்டின கிட்டாருக்குன்னு சொல்லி, பத்து எப்பவாவது வருமான்னு கேட்டாங்க. எப்பவும் உண்டல்லோ மாமி, இந்தக் கடை திறந்த நாள் முதல் உண்டுன்னு சொன்னேன்."

"வாங்கினாளா?"

"இல்லே. கையிலே வெச்சுக் கொஞ்ச நேரம் பார்த்தாங்க. பின்னே திரும்பத் தந்துட்டாங்க. இருக்கிறது மதி, அதே போதும்னு சொன்னாங்க. ஒரு கிளாஸ் வெள்ளம் வாங்கிக் குடிச்சிட்டுப் போனாங்க."

அது எப்போது என்று நான் கேட்கவில்லை. என் கை போறாது என்று சொல்வதை அவள் எந்த நாளில் நிறுத்தினாள் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. கம்பியை மாற்றினால் என் பொய் வெளிப்படும், நான் கூசிப்போவேன் என்று எண்ணித்தான் அவள் வாங்காமல் வந்தாள் என்று நினைத்துக்கொள்ள மனம் ஆசைப்படுகிறது. ஆனால் எனக்குத் தெரிந்தவரையில் அவள் அவ்வளவு சாது அல்ல. யாருக்கும் கடன் வைக்காதவள்.

வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்து, வாசிக்கத் தெரியாத கையால் ஆறு கம்பிகளையும் ஒருமுறை மீட்டிப் பார்த்தேன். அடுத்த நிமிஷம் அடுத்த வீட்டு மருமகள் வாசலில் வந்து நின்றாள். அந்தக் கொலுவுக்குப் பிறகு கல்யாணமாகி வந்தவள். எங்கள் இரு வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான். கையில் கரண்டி, மூச்சு வாங்கியது.

"நீங்களா மாமா? ஒரு நிமிஷம் மாமியோன்னு..." என்று சொல்ல வந்ததை நிறுத்திக்கொண்டாள். பிறகு, "சத்தம் வேற மாதிரி இருக்கே. மாமி வாசிச்சா கனமா இருக்கும். சுவத்திலே காது வெச்சா அதிரும்" என்றாள்.

"அவ எப்போ வாசிச்சா?"

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "தினமும் வாசிப்பாளே மாமா. நீங்க சாயங்காலம் கரமனைக்கு நடக்கப் போவேளே, கேட் சாத்தற சத்தம் கேட்டா இங்கே ஆரம்பிச்சுடும். நீங்க திரும்பி வர்ற செருப்புச் சத்தம் கேட்டா நின்னுடும். உங்களுக்குத் தெரியாதா?"

கரமனையில் ஆற்றங்கரைப் பக்கம் என்னைப் போன்ற நாலைந்து ஓய்வுபெற்றவர்கள் கூடுவோம். அரசியல், பென்ஷன், முழங்கால் வலி. ஒருநாள்கூட நான் தவறவிட்டதில்லை. மழை பெய்தால் பஸ்ஸில் போவேன்.

என்ன பாட்டு வாசிப்பாள் என்று கேட்டேன்.

"எனக்குப் பாட்டுப் பேரெல்லாம் எங்கே தெரியும் மாமா? என்னவோ சாமி பாட்டு. முதல்லே ஒரே இடத்திலே நிக்கும். டப்புன்னு ஒரு சத்தம். மறுபடி முதல்லேருந்து. எத்தனை மாசமோ. நான் தோசை வார்த்துண்டே, ஐயோ மாமி இன்னிக்காவது தாண்டிடுங்கோன்னு நினைச்சுப்பேன். ஒரு நாள் நிக்காமப் போச்சு. முழுசா, கடைசி வரைக்கும். நான் சமையல்கட்டிலேருந்து கை தட்டினேன். மாமி அந்தப் பக்கத்துலேருந்து சுவத்திலே ரெண்டு தட்டு தட்டினா." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்புறம் தினமும் அது முழுசா வரும். நன்னா இருக்கும் மாமா, கேட்க."

அடுப்பில் ஏதோ தீய்கிற வாசனை வந்து அவள் ஓடிவிட்டாள். மெல்லிய புதுக் கம்பிகள் மாட்டிய கிட்டார் என் மடியில் இருந்தது. அவள் அழுத்தி அழுத்திப் பழக்கிய கம்பிகளைக் கடைக்காரர் என் கண்ணெதிரே வெட்டிப் போட்டுவிட்டார். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். இந்த முறையும் தவறான கம்பியைத்தான் வாங்கி வந்திருக்கிறேன்.

பாட்டு நிற்காமல் போன அந்த நாள் எது என்று யோசித்துப் பார்க்கிறேன். எது என்று தெரிய வழியில்லை. ஆனால் என்ன நடந்திருக்கும் என்று தெரியும். நான் வழக்கம்போலச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்திருப்பேன். கிட்டார் பீரோவின் மேல் ஏறியிருக்கும். அவள் காப்பியைக் கலந்து என் கையில் கொடுத்திருப்பாள். அவள் முகம் எப்படி இருந்திருக்கும் என்பதைத்தான் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டேன். சர்க்கரை குறைவு என்று சொல்லியிருப்பேன்.